தனியாக ஓட்டினால் சரி, ஆட்கள் வந்தால் தடுமாற்றம்: பெரிய மாதிரி ரயில் லேஅவுட்டில் வயர்லெஸ் ஏன் விட்டுப்போகிறது?

அமெரிக்காவில் வீட்டின் நிலவறை முழுக்க மாதிரி ரயில்பாதை கட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மலை, பாலம், ஊர், யார்டு எல்லாம் சேர்ந்த அந்த அமைப்புக்கு லேஅவுட் என்று பெயர். கையில் பிடித்து ரயிலை ஓட்டும் கருவிக்குப் பெயர் த்ராட்டில். பெரிய லேஅவுட் வைத்திருப்பவர்களிடம் ஒரு புகார் திரும்பத் திரும்பக் கேட்கிறது. வாரநாள் இரவில் வீட்டுக்காரர் தனியாக நின்று ஓட்டிப் பார்க்கும்போது வயர்லெஸ் த்ராட்டில் எல்லா மூலையிலும் சொன்னபடி கேட்கிறது. சனிக்கிழமை பதினைந்து நண்பர்கள் வந்து ஆளுக்கொரு ரயிலை எடுக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் ஒருவருக்கு ரயில் நிற்க மறுக்கிறது. இன்னொருவர் ஹாரனை அழுத்தினால் இரண்டு நொடி கழித்து அடிக்கிறது. மூன்றாமவர் த்ராட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

கருவி பழுது, அல்லது பவர் போதவில்லை என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கிப் போடுவதுதான் வழக்கம். பெரும்பாலும் இரண்டுமே காரணமாக இருப்பதில்லை. ஆன்டெனா எங்கே தொங்குகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் விடை இருக்கிறது.

## ஒரு கட்டளை கடக்கும் வழி

அமெரிக்காவின் பெரிய லேஅவுட்களில் பெரும்பாலானவை டிசிசி என்ற டிஜிட்டல் கட்டளை முறையில் ஓடுகின்றன. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் இதற்குப் பொதுத் தரம் வகுத்தது. இந்த முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அந்த மின்சாரமே செய்தியையும் சுமந்து போகும். அரைத் துடிப்பு 58 மைக்ரோநொடி நீடித்தால் '1', சுமார் 100 மைக்ரோநொடி நீடித்தால் '0'. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கும் டிகோடர் என்ற சிறு சர்க்யூட், தன் எண்ணுக்கு வரும் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை இயக்கும்.

த்ராட்டிலின் குமிழைத் திருப்பினால் அந்தக் கட்டளை நான்கு கட்டங்களைக் கடக்கிறது:

1. த்ராட்டிலிலிருந்து காற்று வழியாக, அதன் அலையைக் கேட்டு வாங்கும் ரிசீவருக்கு.
2. ரிசீவரிலிருந்து கேபிள் வழியாக, கட்டளைகளை டிசிசி செய்தியாக மாற்றும் கட்டளை நிலையத்துக்கு.
3. கட்டளை நிலையத்திலிருந்து, அந்தச் செய்திக்கு மின்பலம் ஏற்றும் பூஸ்டர் வழியாகத் தண்டவாளத்துக்கு.
4. தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக டிகோடருக்கு.

வயர்லெஸ் என்பது முதல் கட்டம் மட்டும்தான். ஆனால் அது அறுந்தால் விளைவு விபரீதமானது. கட்டளை நிலையம் கடைசியாகக் கேட்ட வேகத்தையே தண்டவாளத்தில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் சிக்னல் போனால் ரயில் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எச்ஓ அளவு என்பது உண்மையில் 87-இல் ஒரு பங்கு. நிஜத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் மாதிரியில் நொடிக்குச் சுமார் 13 சென்டிமீட்டர். இரண்டு நொடி தாமதத்தில் ரயில் 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 40 அடி சரக்குப் பெட்டியின் மாதிரி நீளம் 14 சென்டிமீட்டர்தான். யார்டில் நிற்கும் பெட்டிகளை மெல்லத் தொட்டு இணைக்க வேண்டிய ஒருவருக்கு, கிட்டத்தட்ட இரண்டு பெட்டி நீளத்துக்கு ரயில் கட்டுப்பாடில்லாமல் போகிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து வர்ணம் தீட்டிய இன்ஜின் மேடையிலிருந்து தரையில் விழுவதற்கு அவ்வளவு தூரம் போதும்.

## முதல் வேலை: வயர்லெஸ்தானா என்று பார்ப்பது

பல த்ராட்டில்களைக் கேபிளில் செருகியும் ஓட்டலாம். வைஃபை மட்டுமே உள்ள த்ராட்டில் என்றால், கட்டளை நிலையத்தோடு கேபிளில் இணைந்த வேறொரு த்ராட்டிலையோ கணினித் திரையில் வரும் த்ராட்டிலையோ பயன்படுத்தலாம். தடுமாறும் இடத்தில் அதே இன்ஜினை இப்படி ஓட்டிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. கேபிளிலும் தடுமாறினால் அது ரேடியோ பிரச்சினை இல்லை. தண்டவாளத்தில் அழுக்கு, சக்கரத்தில் கரி, தளர்ந்த வயர் இணைப்பு என்று தேட வேண்டும்.
2. எந்த இடத்தில் ஓட்டினாலும் ஒரே த்ராட்டில் மட்டும் விட்டுப்போனால் முதலில் பேட்டரி. பேட்டரி இறங்கும்போது திரை எரிந்துகொண்டிருக்கும், ஆனால் அனுப்பும் பகுதி தளர்ந்துவிடும்.
3. எல்லா த்ராட்டிலும் ஒரே இடத்தில் விட்டுப்போனால் அந்த இடத்துக்கு அலை சேரவில்லை.
4. தனியாக ஓட்டும்போது வராமல், கூட்டம் இருக்கும்போது மட்டும், இடம் மாறி மாறி வந்தால் அது நெரிசல்.

இரண்டாவது கட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. ரிசீவருக்குப் போகும் தட்டைக் கேபிளின் முனையில் உள்ள பிளக் வயரோடு சரியாக நசுக்கிப் பொருத்தப்படாமல் இருந்தால், யாராவது மேடையில் சாயும்போதெல்லாம் இணைப்பு விட்டு விட்டு வரும். வெளியிலிருந்து பார்க்க அது அசல் வயர்லெஸ் கோளாறு மாதிரியே இருக்கும். பிளக்கை விரலால் லேசாக அசைத்துக்கொண்டே இன்னொருவரை ஹாரன் அடிக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## பவரைக் கூட்டினால் தீராதா?

தடையில்லாத வெளியில் தூரம் இரண்டு மடங்கானால், சேரும் சிக்னல் நான்கில் ஒரு பங்காகும். அதாவது எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு பவர் வேண்டும். உரிமம் தேவையில்லாத அலைவரிசைகளில் பவருக்குச் சட்ட வரம்பும் உண்டு. பவர் மூலம் கிடைக்கக்கூடிய லாபம் இவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், என்ன இழக்கிறோம் என்று பாருங்கள். ஓட்டுபவர் நிற்கும் விதத்தைக் கவனித்தால் புரியும். த்ராட்டில் இடது கையில், இடுப்பு உயரத்தில், வயிற்றை ஒட்டி இருக்கிறது. வலது கையில் பெட்டிகளைக் கழற்றும் மெல்லிய குச்சி. கண் யார்டின் மேல். ஆன்டெனா த்ராட்டிலின் மேல்முனைக்குள் இருக்கிறது. ஆள்காட்டி விரல் சரியாக அதன் மேல் வளைந்து கிடக்கிறது. ரிசீவரோ அவர் முதுகுக்குப் பின்னால், எதிர்ச் சுவரில், மேடைக்கு அடியில் திருகப்பட்டிருக்கிறது. மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். குறுக்கே ஒரு உடம்பு நின்றால் 10 டெசிபல், சில சமயம் அதற்கும் மேல் போய்விடும். 10 டெசிபல் இழப்பு என்றால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். நான்கு மடங்கு பவர் கொடுத்தாலும் கிடைப்பது 6 டெசிபல்தான். திரும்பி நிற்பதால் போவதை அதனால் ஈடுகட்ட முடியாது.

உலோகம் அடுத்த எதிரி. நிலவறையின் கூரையை ஒட்டி ஓடும் ஹீட்டரின் தகரக் குழாய்கள், இரும்புத் தூண்கள், அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்புப் பலகை எல்லாமே அலையைத் தடுக்கும் அல்லது திருப்பி அடிக்கும். பலர் யோசிக்காத ஒன்று மலை. பழைய முறையில் மலை கட்டுபவர்கள் கம்பி வலையை வளைத்து அதன் மேல் பிளாஸ்டர் பூசுவார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். வலையின் கண் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால் அலையைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்டத் தகடுதான். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள ஓட்டைத் தகடு வேலை செய்வதும் இப்படித்தான். எனவே ஜன்னல் கொசுவலை மாதிரி நெருக்கமான உலோக வலையில் கட்டிய மலைக்குப் பின்னால் ரிசீவரை வைப்பது, அதை இரும்புப் பெட்டியில் பூட்டுவதற்குச் சமம்.

அப்புறம், 'ஒரு அடி தள்ளி நின்றால் சரியாகிவிடுகிறது' என்று ஓட்டுபவர்கள் சொல்வதில் கற்பனை எதுவும் இல்லை. அலை நேராகவும் வருகிறது, சுவரிலும் குழாயிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று வலுப்படுத்தலாம், அழித்துக்கொள்ளவும் செய்யலாம். அழியும் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் அலைநீளத்தில் பாதி அளவில் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 6 சென்டிமீட்டர், 916 மெகாஹெர்ட்ஸில் சுமார் 16 சென்டிமீட்டர். இந்த ஓட்டைகளை பவரைக் கூட்டி அடைக்க முடியாது. வேறொரு இடத்திலிருந்து கேட்கும் இரண்டாவது ஆன்டெனாதான் மருந்து. ஒன்றுக்கு ஓட்டையாக இருக்கும் புள்ளி மற்றதற்கும் ஓட்டையாக இருப்பது அபூர்வம்.

## சனிக்கிழமை நடப்பது என்ன?

கூட்டம் சேரும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது மேலே சொன்ன உடம்பு. குறுகலான நடைபாதையில் எட்டு பேர் நின்றால், மேடைக்கு அடியில் வைத்த ரிசீவருக்கு அது தண்ணீர்ச் சுவர்.

இரண்டாவது, பைகளில் உள்ள பதினைந்து கைபேசிகள். ஒவ்வொன்றும் வைஃபை தேடும், ப்ளூடூத்தில் கூப்பிடும். இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் நடக்கின்றன. வீட்டின் வைஃபை கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்திருந்தால் படங்களும் வீடியோக்களும் அதே காற்றில் ஏறும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. த்ராட்டில் அனுப்பும் செய்தி மிகச் சிறியது. சில பத்து பைட் அளவுதான். எனவே 'என் ரூட்டர் 1000 மெகாபிட் வேகம்' என்பதால் பயனில்லை. இங்கே பஞ்சம் வேகத்துக்கு இல்லை, பேசக் கிடைக்கும் நேரத்துக்கு. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வைஃபை கருவிகள் பேசுவதற்கு முன் காதைக் கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் பேசும். லேஅவுட் சின்னதாக இருந்தால் இந்த ஒழுங்கு நன்றாக நடக்கும். பெரிய லேஅவுட்டில், நடுவே மலையும் பின்னணிப் பலகையும் இருக்கும்போது, இந்த முனையில் நிற்பவரின் த்ராட்டிலுக்கு அந்த முனையில் இருப்பவரின் த்ராட்டில் பேசுவது கேட்காது. இரண்டும் 'காற்று காலியாக இருக்கிறது' என்று நினைத்து ஒரே சமயத்தில் பேசும். நடுவில் உள்ள ரூட்டருக்கு இரண்டும் மோதிக் குழம்பி விழும். இதற்கு மறைமுனைப் பிரச்சினை என்று பெயர் சொல்லலாம். செய்தி அழிந்ததும் த்ராட்டில் அதைத் திரும்ப அனுப்பும். அது மற்றொரு செய்தியோடு மோதும். ஹாரன் இரண்டு நொடி தாமதமாக அடித்தது இதனால்தான்.

தனியாக ஓட்டும் இரவில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை. தனியாகச் சோதித்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதை அதனால்தான் நம்ப முடியாது.

## ரிசீவரை எங்கே வைக்க வேண்டும்?

எல்லா மாற்றங்களிலும் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இது ஒன்றுதான். அதனால் இதைச் செய்து முடிக்கும் வரை வேறு எதையும் வாங்க வேண்டாம் என்பேன்.

1. தலைக்கு மேலே ஏற்றுங்கள். மேடைக்கு அடியில் உள்ள ரிசீவரை நடைபாதைக்கு மேலே, கூரையிலிருந்து சற்றுத் தாழ்த்தி, தகரக் குழாயிலிருந்து தள்ளித் தொங்கவிட்டாலே பல உடம்புகளின் மறைப்பு விலகிவிடும்.
2. ஆன்டெனாவின் வடிவத்தை நினைவில் வையுங்கள். குச்சி ஆன்டெனாவின் அலை, மெதுவடை குச்சியில் கோர்த்தது போலப் பக்கவாட்டில் விரியும். குச்சியின் நுனி நோக்கும் திசையில் மெலியும். செங்குத்தாகத் தொங்கும் ஆன்டெனாவுக்கு நேர் கீழே நிற்பவருக்கு சிக்னல் குறையலாம்.
3. நீட்ட வேண்டியது எந்த வயர் என்பது முக்கியம். ஆன்டெனாவை மட்டும் நீண்ட மெல்லிய கோ-ஆக்ஸ் கேபிளில் இழுத்தால், 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஒரு டெசிபலோ அதற்கு மேலோ கேபிளே தின்றுவிடும். ரிசீவர் பெட்டியையே மேலே கொண்டுபோய், கட்டளை நிலையத்துக்கு வரும் தரவுக் கேபிளை நீட்டுவதுதான் சரி.
4. பூஸ்டர், எல்இடி பட்டைகளின் மலிவான மின்மாற்றி, கணினி ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3.0 கேபிளும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் எழுப்புவது நன்கு தெரிந்த விஷயம்.

இரண்டாவது ரிசீவர் எப்போது? லேஅவுட் ஆங்கில 'எல்' வடிவிலோ இரண்டு அறைகளிலோ இருந்தால், அல்லது இரண்டடுக்காக இருந்தால் அநேகமாகத் தேவைப்படும். ஆனால் ஒவ்வொரு த்ராட்டிலையும் வரிசையாகக் கூப்பிட்டு 'ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று விசாரிக்கும் அமைப்புகளில், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்களைக் கண்டபடி சேர்த்தால் ஒரு சுற்று முடிய நேரம் கூடும். ஓட்டை இருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடித்து, அந்த ஓட்டைக்கு ஒரு ரிப்பீட்டர் என்று வைப்பதே நல்லது.

## சேனல் கணக்கு

அமெரிக்காவில் டிஜிட்ராக்ஸ் நிறுவனத்தின் பழைய ரேடியோ த்ராட்டில்களும் என்சிஇ நிறுவனத்தின் ரேடியோ த்ராட்டில்களும் 916.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. டிஜிட்ராக்ஸின் பிற்கால இருவழித் த்ராட்டில்கள் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறின. ஒரே மாதிரி ஆன்டெனா வைத்தால் 916-ஐ விட 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 8 டெசிபல் கூடுதலாக இழப்போம். பதிலுக்கு, சேனல்களில் தேர்வு கிடைக்கிறது.

அந்தத் தேர்வைச் சரியாகச் செய்ய வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாதவை என்று பயன்படுவது 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள். இவற்றின் மையங்கள் 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ். டிஜிட்ராக்ஸ் இருவழி ரேடியோ பயன்படுத்துவது 802.15.4 என்ற, வைஃபையிலிருந்து வேறான ரேடியோ தரம்; அதில் 11 முதல் 26 வரை சேனல்கள், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில். இங்கே ஒரு குழப்பம்: இரண்டு தரங்களிலும் '11' உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 802.15.4-இன் 11 என்பது 2405 மெகாஹெர்ட்ஸ். அது வைஃபை 1-இன் மடியில் விழுகிறது. வைஃபை 1, 6, 11 மூன்றும் நிரம்பிய வீட்டிலும் ஓரளவு அமைதியாக இருக்கும் சந்துகள் 15, 20, 25, 26 ஆகியவை. வீட்டு ரூட்டரை வைஃபை 1-இல் நிறுத்தி, த்ராட்டிலை 25-க்கு மாற்றினால் இரண்டுக்கும் நிம்மதி.

## வைஃபை த்ராட்டில் என்றால்

கைபேசியில் எஞ்சின் டிரைவர் போன்ற செயலியை வைத்து ஓட்டுபவர்கள் இப்போது அதிகம். ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருள் கணினியில் இருந்துகொண்டு, வைத்ராட்டில் என்ற நெறிமுறை வழியாக அவர்களோடு பேசும். இங்கே செய்ய வேண்டியவை:

1. ரயிலுக்கென்று தனி ரூட்டர். அதன் கடவுச்சொல் த்ராட்டில்களுக்கு மட்டும்; விருந்தினர் இணையத்துக்கு வேறு நெட்வொர்க், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸில்.
2. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் வேகம் கூடும், ஆனால் பக்கத்துச் சேனல்களின் சத்தமெல்லாம் உள்ளே வரும்.
3. இரண்டாவது ரூட்டர் வேண்டுமானால் அதைக் கேபிளில் இணையுங்கள். காற்று வழியாக வாங்கிக் காற்று வழியாகவே திருப்பி அனுப்பும் வைஃபை எக்ஸ்டெண்டர் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை பேசுகிறது. நேரம்தான் பஞ்சம் என்று பார்த்தோமே.
4. இணையம் இல்லாத ரூட்டரைக் கண்டால் கைபேசிகள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையை மட்டும் இயக்கினால் அது நின்றுவிடும்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையே ரூட்டராகவும் பயன்படுத்துபவர்கள் உண்டு. நான்கைந்து பேருக்கு அது போதும். ஆனால் பலகையிலேயே உள்ள அதன் சின்ன ஆன்டெனாவை உலோக உறைக்குள் வைத்து மேடைக்கு அடியில் தள்ளினால், பெரிய அறைக்குக் கட்டாயம் போதாது.

## ஓட்டை வரைபடம்

மாற்றங்கள் பலித்தனவா என்று ஊகிக்க வேண்டாம். ஹாரன் உள்ள ஓர் இன்ஜினைச் சுத்தமான தண்டவாளத்தில் நிறுத்துங்கள். நடைபாதையில் மீட்டருக்கு ஓர் இடம் வீதம் நின்று, த்ராட்டிலை இடுப்பு உயரத்தில் பிடித்து, நான்கு திசையும் திரும்பி, திசைக்குப் பத்து முறை அழுத்துங்கள். எத்தனை முறை அடித்தது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி மேடை விளிம்பில் ஒட்டுங்கள். '10, 10, 4, 9' என்று ஓர் இடத்தில் வந்தால், மூன்றாவது திசையில் உங்கள் முதுகு எதைப் பார்த்தது என்று திரும்பிப் பாருங்கள். அங்கேதான் ரிசீவர் இருக்கும். இதையே கூட்டம் உள்ள ஒரு சனிக்கிழமையிலும் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இல்லாவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

## இந்தியாவுக்குக் கொண்டு வருபவர்களுக்கு

அமெரிக்காவிலிருந்து த்ராட்டில் வாங்கி வருபவர்கள் அலைவரிசையைப் பார்த்து வாங்க வேண்டும். அங்கே 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை. இந்தியாவில் அப்படித் திறந்துவிட்டிருப்பது 865 முதல் 868 வரைதான். 916 அதில் அடங்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை இரண்டு நாட்டிலும் பொது. இங்கே பயன்படுத்த அதுவே ஒழுங்கு.

## விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் முடிவு செய்யுங்கள்

எவ்வளவு சரிசெய்தாலும் ஒரு நாள் ஒரு த்ராட்டில் நடுவழியில் செத்துப்போகும். வைத்ராட்டில் நெறிமுறையில் இதற்கு ஏற்பாடு உண்டு: த்ராட்டில் 'உயிரோடு இருக்கிறேன்' என்று இடைவிடாமல் துடிப்பு அனுப்பும், அது நின்றுபோனால் ஜேஎம்ஆர்ஐ அந்த இன்ஜினை நிறுத்தும். வழக்கமான காத்திருப்பு 10 நொடி. முன்பு பார்த்த வேகத்தில் 10 நொடியில் ரயில் 1.3 மீட்டர் போய்விடும். நேர்ப்பாதையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். யார்டின் முட்டு முனையில் முடியாது. அதனால் யார்டு இருக்கும் இடத்தில் மட்டுமாவது கேபிள் செருகும் பலகை ஒன்றைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். அதில் சுருள் கேபிளோடு ஒரு த்ராட்டில் எப்போதும் தொங்கட்டும். அவசர நிறுத்தப் பொத்தான் எது என்பதை, சனிக்கிழமை ஓட்டம் தொடங்கும் முன் வந்தவர்கள் எல்லோருக்கும் கையால் தொட்டுக் காட்டிவிடுங்கள்.